சந்தேகம் அண்ணன் சந்தேகப்படாத ஆள்

எதையுமே நம்பாமல் ஒரு மனிதன் நிம்மதியாக வாழ முடியும் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி சந்தேகம் அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மாரண்டஹள்ளியில் யாருக்கும் அது தெரியாது.

ஓசூர் பஸ்ஸில் ஏறுமுன் டிரைவரைக் கேட்பார், கண்டக்டரைக் கேட்பார், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்காரரிடம், "ஓசூருதான போவுது?" என்பார். பயந்துபோய் இறங்கிவிட்டவர்களும் உண்டு. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயை முதலில் குடித்துப் பார்ப்பார். சர்க்கரையைத் தனியாக வாயில் போட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் கலப்பார்.

"ரெண்டயும் ஒண்ணாப் போட்டுட்டா, டீ நல்லால்லன்னா யார் மேல தப்புன்னு எப்டிறா கண்டுபுடிக்கறது?"

நாங்கள் இருவரும் ஒரு தக்காளி நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தோம். நான் பில் போடுகிறவன். அவர் உள்ளங்கை அகலக் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, பண்ணை முழுக்க சென்சார் மாட்டியிருந்தார். காற்று காய்ந்தால் சென்சார் தகவல் சொல்லும். கம்ப்யூட்டர் பம்பைப் போட்டு, நாற்றுகள் மேல் தண்ணீரைப் பனி மாதிரி தூவும். தகவல் போய்வருகிற கம்பித் தடத்துக்கு பஸ் என்று பெயராம். அதைக் கவனித்துக்கொள்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயராம். முதல் நாள் நான் சிரித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று காலை கரண்டை நிறுத்திவிட்டுப் பண்ணையைக் கழுவினோம். ஹோஸ் பிடித்தது நான். பம்பு, தராசு, என் பில் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சந்தேகம் அண்ணன் மட்டும் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்கே தாராளமாக வைத்தார்.

"ஒழைக்கறது அது. டப்பாவுக்கு எதுக்குப் பொட்டு?"

மறுநாள் கரண்டைப் போட்டால், கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார்கூடத் தெரியவில்லை. திரையில் நம்பர் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கோடு.

"தண்ணி பூந்திருக்குது. ஹோஸு புடிச்சது யாரு?" என்றார் முதலாளியம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. "டப்பா மேல தண்ணி படலங்க" என்றேன்.

"புது கம்ப்யூட்டரெல்லாம் வாங்க முடியாது. சனிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா நீ கணக்க முடிச்சிக்கிட்டுக் கெளம்பு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் முதல் வேலை. வேலை கிடைத்த செய்தியைச் சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

"டிரைவர்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் சந்தேகம் அண்ணன். பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். புதியதை நம்ப முடியாமல் மறுபடி பழையதையே போட்டார். மெமரி கார்டை அழித்து முதலிலிருந்து எழுதினார். கம்பிகளை மாற்றினார். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதிரில் இருந்த செல்போன் டவரை முறைத்தார். சுவரில் இருந்த பல்லியைக்கூட நெடுநேரம் விசாரித்தார். நான் பூவாளியைத் தூக்கிக்கொண்டு நாற்று நாற்றாக அலைந்தேன்.

டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், கம்பி செருகுகிற ஊசிகளின் அடியில் இருந்த பொட்டை நுனிவிரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கம்பியைப் பிடுங்குவதும் செருகுவதும் பொட்டு கலையாமல்தான். பண்ணைக்குள் எப்போதும் ஈரக்காற்று. சந்தனம் காயவே இல்லை.

"பாத்தியாடா, சாமி வெச்ச மாதிரியே இருக்குது!" என்று பரவசப்படுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளியம்மா வந்தார். "என்னாப்பா, நாளைக்குச் சனிக்கெழம" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவனச் சந்தேகப்படாதீங்கக்கா" என்றார் சந்தேகம் அண்ணன்.

முதலாளியம்மா பக்கத்திலிருந்த உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "யாரு, நீயா சொல்ற? அவன் ஹோஸு புடிச்சத நீ கிட்ட நின்னு பாத்தியா?"

"பாக்கலங்க. தண்ணி படலன்னு அவன் சொல்றான். அது போதுங்க."

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தார். "அப்பன்னா பாக்கி ஒண்ணுதான் இருக்குது" என்று முணுமுணுத்தார். பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா, ஒன்னச் சந்தேகப்படல. சந்தனத்ததான்."

கரண்டை நிறுத்தி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஊசிகளுக்கு நடுவே அப்பி ஒன்றின் கரண்டை இன்னொன்றுக்குக் கடத்திக்கொண்டிருந்த ஈரச் சந்தனத்தைத் துடைத்து எடுத்தார். காய விட்டுக் கரண்டைப் போட்டார். கோடுகள் போய் நம்பர்கள் வந்தன. அடுத்த நொடியே எங்கள் தலைக்கு மேலே உஸ்ஸென்று பனி தூவ ஆரம்பித்தது. முதலாளியம்மா முழுக்க நனைந்தபடி என்னைப் பார்த்து, "செரி செரி, போய் பில்லு போடு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே அண்ணன் புதுப் பொட்டு வைத்தார், டப்பாவின் மூடி மேல்.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். தினமும் மத்தியானம் அண்ணன் போன் வரும்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டண்ணா."

"நெசமாவா? என்னா கொழம்பு? தொட்டுக்க என்னா? பக்கத்துல யாரு இருக்காங்க, அவுங்ககிட்ட குடு."

அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னை நம்பியவர், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. அவருக்காகவே, போன் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.