ஊத்துக்குளி வெண்ணெயும் தம்பானூர் ரகளையும்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

சகல சௌபாக்கியங்களும் பொருந்திய மைத்துனன் சிரஞ்சீவி கிருஷ்ணகுமாருக்கு அத்தான் பகவதிப்பெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நீ நழுவிவிடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

சாப்பாட்டுச் சுற்றுலா என்று கோயம்புத்தூரிலிருந்து காரில் ஏற்றி, மெஸ் மெஸ்ஸாக இறக்கி, கடைசியில் ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்க வைத்தது யார்? நீ! கடையிலேயே கொஞ்சம் வாயில் போட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "அவசரப்படாதீங்க அத்தான். வீட்ல போயி சூடா தோசை மேல வச்சுத் தின்னு பாருங்க" என்று தடுத்ததும் நீதான். ரயிலில் வழிநெடுக அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு வந்தேன். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பினால், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க, ஆட்டோ நகர்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது. கையை நீட்டிக்கொண்டு, "எலேய், வெண்ணெய்! வெண்ணெய்!" என்று கத்தியபடி ஓடினேன். நான் கை நீட்டிய திசையில் கட்டட வேலைக்குப் போக நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். நம்மவர்கள் வாயில் அந்தச் சொல் மடையனைத் திட்டும் ஒரு வசவு என்பது பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிற்று. அதில் ஒருவன் என் முன்னால் வந்து மறித்துக்கொண்டான்.

"யாரப் பாத்துவே வெண்ணெய்ங்கீரு?"

"உன்ன இல்லப்பா, வெண்ணெயச் சொன்னேன்."

"பாத்தியா, திரும்பவும் சொல்லுதாரு!"

"பால்பாண்டி, பெரியவரு, விடுலே" என்று மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுக்கிறார்கள். மலையாளிகளோ, வெண்ணெய்க்கு எதற்கு ஒருவன் இப்படிக் கோபப்படுகிறான் என்று புரியாமல் வேடிக்கை பார்க்கிறார்கள். நாலடி தள்ளி நிறுத்தியிருந்த ஆட்டோக்காரர் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "சாரே, வெண்ண இவிடெ உண்டு" என்றார். அப்புறம்தான் பால்பாண்டி சிரித்தான். அதற்குள் வெயிலில் வெண்ணெய் பாதி இளகிவிட்டது.

போகட்டும், மிச்சமாவது கிடைத்ததே என்று வீட்டுக்கு வந்து, பொட்டலத்தை உன் அக்காள் உலகம்மையிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் வீடெல்லாம் முருங்கைக்கீரை மணம். அடுப்பில் நெய் காய்கிறது! "ஏன்டி காய்ச்சினே?" என்று கேட்டால், "வெண்ணெயக் காய்ச்சாம பின்னே பூசை பண்ணணுமாக்கும்?" என்கிறாள். ஒரு தோசை, அதன் மேல் ஒரு உருண்டை வெண்ணெய், நான் கேட்டது அவ்வளவுதானே! கல்யாணமான நாள்முதல் என் மனசில் இருப்பது உன் அக்காளுக்குத் தெரிந்ததே இல்லை. இனிமேல் சுற்றுலா, சாப்பாடு என்று என்னைக் கூப்பிட்டால் மரியாதை கெட்டுவிடும், சொல்லிவிட்டேன்.

திவ்யலட்சுமிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கானதைப் பிறகு யோசித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வயிறெரிந்த அத்தான்,
பகவதிப்பெருமாள்

பி.கு.: கவரைத் தேடும்போது நம் மலையாளத்து மருமகள் ரெம்யா சாப்பிடக் கூப்பிட்டாள். சூடான தோசை, அதன் மேல் ஒரு உருண்டை வெண்ணெய்! ஏது என்றேன். "அம்ம மாமாக்குன்னு தனியா மாற்றி வச்சதாணு. பிரிட்ஜில மாவுப் பாத்திரத்தின்றெ பின்னில. கண்டா அப்பவே முழுசும் தின்னு தீர்ப்பாருன்னு பறைஞ்ஞு" என்றாள். கிருஷ்ணா, அதன் ருசியை என்னால் எழுத முடியவில்லை. அடுத்து எப்போது புறப்படுகிறோம்? எழுதிய கை வலிப்பதால் இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, ஆனால் உன் அக்காள் கண்ணில் காட்டிவிடாதே. பால்பாண்டி புரிந்துகொண்ட அர்த்தத்தில், இந்த வீட்டில் வெண்ணெய் யார் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.