செத்தவர் மூச்சு விடுகிறார்

நான் தப்புவதற்காக, ஒரு நல்ல மனிதரை விசரன், பைத்தியம் என்று ஊருக்குச் சொன்னேன். ஒஸ்லோவில் மட்டுமல்ல, வடதுருவம் வரை தேடினாலும் அவரைப் போல் பொறுமைசாலியைக் காணமுடியாது.

ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் அடுக்குமாடியில் இருந்த அந்த யப்பான்காரரை எல்லோரும் 'யப்பான் டைரக்டர்' என்போம். முன்பு வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் என்னோடு நின்று மீன் வெட்டியவர். சினிமாவை எவரிடமும் படிக்கவில்லை. நூலகத்தில் எடுத்த படங்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தே பழகினார். முதல் படத்தின் கதாநாயகன் ஒரு மீன்தலை.

"அப்பிடி ஒரு நடிகர் பிறகு கிடைக்கேல்லை. கண்ணே சிமிட்டாது" என்று பெருமைப்படுவார். நாங்கள் கதைத்தது உடைந்த நோர்வேஜிய மொழி. எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

அடுத்த படம் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறை. மெஷின் சுற்றி நிற்கும்; படமும் முடியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு மாசி மாதம், முதல்முறையாக மனிதர்களை வைத்து எடுக்கத் துணிந்தார். பனியில் இறந்துகிடக்கும் அகதியின் கதை. பிணம் நான். செத்தவீட்டுக் காட்சிக்குத் தமிழ்ச் சனத்தைக் கூட்டிவருவதும் என் பொறுப்பு. கழுத்தில் தாலியோடு இருக்கிற எந்த மனைவி இதற்குச் சம்மதிப்பாள்? அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் செத்தேன்.

மார்புவரை வெள்ளை வேட்டி. முதுகுக்குக் கீழே பனி.

"மூச்சு விடாதேங்கோ. புகை வருது."

"குளிருதே, வேறென்ன செய்யிறது?"

"செத்தவருக்குக் குளிராது."

எத்தனையோ டேக். அதற்குள் எதிர்க் கட்டடத்துப் பல்கனியிலிருந்து யாரோ பார்த்து, லோறென்ஸ்கூக்கில் இருக்கும் என் தங்கைக்கு நான் செத்துக் கிடப்பதாகத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை அல்லவா? டைரக்டர் திருப்திப்படுவதற்குள் அவள் சோறும் பருப்பும் சமைத்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐயோ, என்ரை அண்ணை!"

நான் எழும்பி உட்கார்ந்தேன். பருப்புச் சட்டி பனியில் விழுந்தது. டைரக்டர் கமராவை நிறுத்தவில்லை. "நல்லம், நல்லம். இன்னும் அழுங்கோ!"

"என்ன கூத்து இது அண்ணை? அண்ணிக்குத் தெரியுமோ?"

அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. "எனக்கொண்டும் தெரியாது. சும்மா படுக்கச் சொன்னான். இவன் விசரன்" என்றேன்.

பொழுதுபடுவதற்குள் எல்லா வீடுகளுக்கும் அது எட்டிவிட்டது. அதன்பிறகு அவருக்கு எந்தத் தமிழ் வீடும் கதவு திறக்கவில்லை. படம் பாதியில் நின்றது. லிஃப்டில் காணும்போதெல்லாம் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் படியால் ஏறப் பழகினேன்.

பல வருடங்களின் பின், தங்கை வீட்டுப் பிறந்தநாள் விழாவில், எல்லோர் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொன்னேன்.

"அப்ப என்ரை பருப்புக் கொட்டுண்டதும் உங்களாலைதான்!" என்றாள் தங்கை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த வேட்டியை எடுத்து என் கையில் தந்தாள். பிறகு, "போய்ச் செத்து முடிச்சிட்டு வாங்கோ. தலை முழுகாமல் வீட்டுக்குள்ளை வரக்கூடாது" என்றாள்.

வேட்டியோடு அவர் கதவைத் தட்டினேன். நரைத்துப்போன என் தலையைப் பார்த்தார்.

"செத்தவருக்கும் வயசு போகும்தானே. வாங்கோ."

இந்தமுறை தமிழ்ச் சனமும் வந்து செத்தவீட்டை நடித்து முடித்தது. கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் படம் ஓடியது. கறுப்புத் தலையோடு செத்தேன். வெள்ளைத் தலையோடு எடுத்துச் சென்றார்கள். பருப்புச் சட்டி விழுந்தபோது சனம் சிரித்தது. தங்கையின் முகம் திரையை நிறைத்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. டைரக்டருக்கு மட்டும் ஒரு குறை. "கடைசியிலையும் புகை வந்திட்டுது."

என் கடைசி நாளில் முதலில் அவருக்குச் சொல்லி அனுப்பும்படி மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்குப் புகை வராது. ஒரே டேக்கில் முடித்துக்கொடுப்பேன்.