சைரனுக்கு முந்திய காது

குற்றச்சாட்டு வருமாறு: சென்ற மார்ச் மாதம் பதினான்காம் தேதி காலையில், பெல்டன் கவுண்டி என்னும் மாவட்டத்தின் நிர்வாகமானது தன் ஷெரிஃப், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய துறைகளின் வானொலிப் பேச்சு முழுவதையும் பழைய முறையிலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாற்றி, அதன்மூலம் ஹார்லன் வாஸ் என்னும் நேர்மையான குடிமகனின் காதுகளைப் பறித்துக்கொண்டது. முன்னறிவிப்பு தரப்படவில்லை என்பது வாஸ் தரப்பு வாதம். உள்ளூர்ப் பத்திரிகையில் இருமுறை முழுப்பக்க அறிவிப்பு வெளியிட்டோம் என்பது நிர்வாகத்தின் வாதம். இரண்டுமே உண்மை. வாஸுக்குப் பத்திரிகை படிக்கும் வழக்கம் கிடையாது. அதில் வருவதெல்லாம் அவருக்குப் பழைய செய்தி.

வாசகரே, ஸ்கேனர்க்காரர் என்கிற இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தானியக் கிடங்கு, தேவாலயம், காப்பிக் கடை ஆகிய மூன்றும் உள்ள எந்த ஊரிலும் இந்த இனத்தில் ஒருவர் இருந்தே தீருவார். அவர் வீட்டுச் சமையல் மேடையில், ரொட்டி வாட்டும் கருவிக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் நடுவே, போலீஸ் வானொலிப் பேச்சைப் பிடித்துத் தரும் ஸ்கேனர் என்ற ஒரு கறுப்புப் பெட்டி விடிந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும். யாருடைய களஞ்சியத்தில் தீ, யாருடைய கார் பள்ளத்தில், யாருடைய மாமியாருக்கு மூச்சுத் திணறல் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெளிவாகத் தெரிவதற்குமுன் அவருக்குத் தெரிந்திருக்கும். சைரன் ஊதிக்கொண்டு வண்டி ஒன்று காப்பிக் கடையைக் கடக்கும்போது எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் எல்லோரையும் பார்ப்பார். யாராவது கேட்க வேண்டுமல்லவா?

“எங்கய்யா போகுது அது?”

கேட்டவுடன் சொல்லிவிட்டால் அவர் அந்த இனமே அல்ல. காப்பியை ஒரு வாய் குடிப்பார். கோப்பையை வைப்பார். மீசையைத் துடைப்பார்.

“பெருசா ஒண்ணுமில்ல. ஹைவேல பசு மாடு ஏறிடுச்சு. ரெண்டு வண்டி அனுப்பியிருக்கோம்.”

அனுப்பியிருக்கோமாம்! முப்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்து எண்ணெய் மாற்றிவிட்டு ஓய்வுபெற்ற ஹார்லன் வாஸ், தம் வாழ்நாளில் எந்தச் சீருடையையும் அணிந்தவரல்லர். எந்தத் தீயையும் அணைத்தவரல்லர். ஆனால் அந்த ‘கோம்’ இருக்கிறதே, அதுதான் அவருடைய ஓய்வூதியம். அதற்காகத்தான் கடையின் கதவோர நாற்காலி அவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பாதிரியார்கூட அதில் உட்கார மாட்டார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வண்டிகளை அனுப்பும் மார்சி என்ற பெண்மணியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆயினும் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் இவருக்குத் தெரியும். விஷயம் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அவள் குரல் தணியும் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட மார்சியைத்தான் கவுண்டி நிர்வாகம் மார்ச் பதினான்காம் தேதி அவரிடமிருந்து பிடுங்கியது. அன்று காலை தீயணைப்பு வண்டி ஒன்று கடையைத் தாண்டி அலறிக்கொண்டு போயிற்று. தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. பிறகு வழக்கம்போல ஹார்லன் பக்கம் திரும்பின.

“எங்க?” என்றார் விதைச்சோள வியாபாரி டேல் டாலஃப்சன்.

“அதை இப்ப வெளிய சொல்லக் கூடாது” என்றார் ஹார்லன். சமாளித்துவிட்டார். எத்தனை நாளைக்கு?

டிஜிட்டல் பேச்சு பழைய பெட்டிக்குப் பிடிபடாது; ஆகவே, புதுப் பெட்டி வாங்குவதென்று முடிவாயிற்று. சாதாரண மனிதர் கடைக்குப் போவார், வாங்குவார், வருவார். இந்த இனத்தார் ஆராய்வார்கள். விலைப்பட்டியல்களை அச்சிட்டார், துளையிட்டார், கோப்பில் போட்டார். இணையத்தில் ஸ்கேனர்க்காரர்கள் கூடிச் சண்டையிடும் மன்றத்தில் பழைய சண்டைகளை எல்லாம் ஆதியிலிருந்து வாசித்தார். அங்கே எவரோ ஒருவர், “பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. உங்க ஊர்ல ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில எத்தனை கோபுரம் ஒலிபரப்புது?” என்று எழுதியிருந்தார். அதையும் அச்சிட்டுக் கோப்பில் போட்டார். கேட்கத்தான் இல்லை. கோபுரங்களை எண்ணுவது நிர்வாகத்தின் வேலை. வரி கட்டுகிறவனுக்கு எதற்கு அது?

பெட்டிகள் மூன்று தரத்தில் இருந்தன. மலிவானதை முட்டாள் வாங்குவான், விலை உயர்ந்ததைப் பகட்டுக்காரன் வாங்குவான் என்று தீர்மானித்து நடுத்தரமானதை வாங்கினார். நடுத்தரப் பெட்டிகள் உலகெங்கும் அப்படித்தான் விற்கின்றன. கூரையின்மேல், புகைபோக்கியைவிட உயரமாக, புயல் எச்சரிக்கை நிலையம் போன்ற ஓர் ஆண்டெனாவையும் நட்டார். பெட்டியில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து எரிந்தன. மார்சி வந்தாள். வாய் நிறைய உப்புநீரை வைத்துக்கொண்டு, தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறவளைப் போல வந்தாள். சத்தம் முழுசாக இருந்தது. சொல் ஒன்றுகூட இல்லை. பரிசளிப்பு விழாவில் தலைமை உரை கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

ஆண்டெனாவை இன்னும் உயர்த்தினார். இன்னும் மோசமாயிற்று. தடித்த கம்பி இழுத்தார். கொப்புளிப்பு மேலும் செழிப்பாகக் கேட்டது. ஆகவே, இது தமக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்யப்படும் சதி என்ற முடிவுக்கு வந்தார். வேறென்ன முடிவுக்கு வருவது? நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், இணைப்புகளோடு எழுதினார். அவர்கள் தொலைபேசியில் அழைத்து விளக்கம் சொல்ல முன்வந்தபோது, பேச்சைக் கோப்பில் போட முடியாது என்று கூறி ரிசீவரை வைத்துவிட்டார்.

இதற்கிடையில், பகட்டுக்காரன் வாங்கும் பெட்டியை டேல் வாங்கினார். ஆராயாமல் வாங்கினார், அட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார், அது பேசிற்று. ஒரு வியாழக்கிழமை ஹார்லன் கடைக்குள் நுழைந்தபோது கதவோர நாற்காலியில் டேல் இருந்தார். வெளியே சைரன். அத்தனை தலைகளும் டேல் பக்கம் திரும்பின. டேல் காப்பியை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார்.

“ஆற்றங்கரை ரோடுல மின்கம்பம் சாஞ்சிடுச்சு” என்றார். “ஒரு வண்டி அனுப்பியிருக்கோம்.”

அன்று ஹார்லன் காப்பியோடு வழக்கமாகத் தின்னும் ஆப்பிள் கேக்கைத் தொடவில்லை.

விடிவு பிறந்தது துணி துவைக்கும் அறையில். அவர் மனைவி ஜெனட், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் மாவு பிசைவாள்? கூரை ஆண்டெனாவின் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். பெட்டியைக் கொண்டுபோய், தரைக்குக் கீழிருந்த அந்த அடித்தள அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தின்மேல் வைத்தாள்.

“ஹார்லன், அந்தச் சனியன் கொப்புளிக்கிறதா இருந்தா இங்கயே கொப்புளிக்கட்டும். மேல கொண்டு வந்தே, அதைத் தண்ணில முக்கிடுவேன்.”

அவள் சொல்லி முடிக்கவில்லை, ஆண்டெனாவே இல்லாத பெட்டி, கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே இருந்துகொண்டு, தெள்ளத் தெளிவாக, “ஏழாம் வண்டி, எங்க இருக்கே?” என்று மார்சியின் குரலில் கேட்டது.

ஹார்லன் கோப்பைப் புரட்டினார். கவுண்டியில் மூன்று கோபுரங்கள். மூன்றும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்கின்றன. மூன்றும் ஒரு மயிரிழை முன்பின்னாக வந்து சேர்கின்றன. நடுத்தரப் பெட்டிக்கு மூன்று பேர் சேர்ந்து பேசினால் புரியாது. அவருடைய மாபெரும் ஆண்டெனாவோ மூன்று கோபுரங்களையும் பாரபட்சமின்றி வரவேற்று உள்ளே அழைத்து வந்திருக்கிறது. அடித்தளச் சுவரோ அவற்றில் இரண்டை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் காது அல்ல, குறைந்த காது. இதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாக மன்றத்தில் அறிவித்தார். அதைத்தான் நாங்கள் முதலிலேயே கேட்டோமே என்று மன்றம் பதில் எழுதிற்று. அதையும் அச்சிட்டார்.

அடித்தளத்தில் நாற்காலி போட ஜெனட் சம்மதிக்கவில்லை. “இங்க வந்து உட்கார்ந்தே, துணியோட சேர்த்து உன்னையும் காயப்போட்டுடுவேன்” என்றாள். எனவே, ஒரே திசையில் மட்டும் கேட்கும் மீன்முள் வடிவ ஆண்டெனா ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரே கோபுரம் மட்டும் எட்டக்கூடிய இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தார். சனிக்கிழமை பிற்பகல், லூதரன் தேவாலயத்தின் கல்சுவருக்குப் பின்னால் அந்த இடம் அகப்பட்டது. பிக்கப் வண்டியை நிறுத்தி, மீன்முள்ளை ஜன்னல் வழியே நீட்டி, கோபுரம் ஒன்று நின்ற தானியக் கிடங்குப் பக்கமாகக் குறி வைத்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள்போல மார்சி பேசினாள்:

“லூதரன் சர்ச்சுக்குப் பின்னாடி சந்தேகப்படும்படி ஒரு வண்டி. பழுப்பு பிக்கப். உள்ள ஒரு ஆளு, வயசு எழுபத்தஞ்சு இருக்கும். தானியக் கிடங்கைப் பார்த்து எதையோ குறி வைக்கிறான்னு போன் வந்திருக்கு.”

ஹார்லனின் ரத்தம் சூடேறியது. லூதரன் தேவாலயத்துக்குப் பின்னால்! அவரும் அங்கேதானே இருக்கிறார்! நாற்புறமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு வண்டியும் இல்லை. முதற்கடமையாக டேலைக் கைபேசியில் அழைத்தார்.

“டேல், நான் சம்பவ இடத்துலயே இருக்கேன்!”

“நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கடையே கேட்டுக்கிட்டிருக்கு. யோவ், உன் வண்டி என்ன கலரு?”

“வெண்கலம். வாங்கின ரசீதுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“உன் வயசு?”

“அறுபத்தாறு. அவங்க தேடறது எழுபத்தஞ்சு வயசு ஆளை. நீ ஒழுங்கா கேக்கறதே இல்ல” என்று தொடர்பைத் துண்டித்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவளோடு பேசப் போகிறார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மார்சி, நான் ஹார்லன் வாஸ். சர்ச்சுக்குப் பின்னாடிதான் இருக்கேன். சந்தேகப்படும்படி இங்க யாரும் இல்ல. நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்.”



“சார், அங்கயே இருங்க. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுக்குங்க” என்றாள் மார்சி. அவள் குரல் தணியவில்லை. அதை அவர் குறித்துக்கொண்டார். அடுத்த கணம் பெட்டியிலிருந்து அதே குரல்: “எல்லா வண்டிக்கும் சொல்றேன். ஆபத்து ஒண்ணுமில்ல. அவரு நம்ம ஸ்கேனர்க்காரர்தான்.”

நம்ம!

ஷெரிஃபின் துணையதிகாரி புரூக் என்ற பெண் வந்து ஜன்னலில் குனிந்தபோது ஹார்லனின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள். “மிஸ்டர் வாஸ், பயப்படாதீங்க. முதல்ல அந்த மீன்முள்ளை உள்ள இழுங்க. அந்தப் பக்கம் ஒரு அம்மா கட்டிலுக்கு அடியில பதுங்கியிருக்காங்க.”

திங்கட்கிழமை கடையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

“உன்னைப் பிடிக்க ரெண்டு வண்டி அனுப்பினோம்” என்றார் டேல்.

“மூணு” என்றார் ஹார்லன். “மூணாவது வண்டியோட பேசினதை ரகசிய அலைவரிசைல பேசினாங்க. அது உன் பெட்டில வராது. என் ஜன்னல்கிட்டதான் வந்து நின்னுச்சு. எந்திரி.”

டேல் எழுந்தார்.

அன்றே நிர்வாகத்துக்கு அடுத்த கடிதம் போயிற்று. ஒலிபரப்பில் தமது வயதுடன் ஒன்பது ஆண்டுகளைச் சேர்த்தது எந்த அலுவலர், வெண்கல நிறத்தைப் பழுப்பு என்று அறிவிக்க அதிகாரம் அளித்தது எந்தச் சட்டப்பிரிவு என்ற இரு வினாக்களுக்கும் அதில் விடை கோரப்பட்டிருந்தது. ‘நம்ம’ என்ற சொல்லைப் பற்றி முறையீடு எதுவும் இல்லை.

சிரிக்கிறீர்கள் அல்லவா, வாசகரே? ஹார்லன் வாஸ் உங்களுக்கு உறவா, அண்டை வீட்டாரா? அவர் மனைவி என்ன திட்டினாள், எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? கடைசி வரிவரை காதைக் கொடுத்துக் கேட்டீர்களே! உங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று வேகம் குறைத்தபோது திரைச்சீலையை விலக்கியதில்லை என்றும், மறுநாள் அதைப் பற்றி யாரிடமும் “எனக்கு முன்னாடியே தெரியும்” என்று சொன்னதில்லை என்றும் உறுதியளிக்க இயலுமாயின், இயலுமாயின் மட்டும், இக்கட்டுரை உங்களைப் பற்றியதன்று எனக் கொள்ளலாம். பதில் எழுத்து மூலமாகவே வேண்டும். தொலைபேசியில் ஏற்கப்பட மாட்டாது.