திருகாணி இல்லாத தோடு

ஒரு பொருளைத் திருடன் எடுக்கவே முடியாதபடி வைத்துவிட்டால், அதை உடையவர் எப்படி எடுப்பது? அடுத்த காம்பரா அறையிலிருக்கும் சண்முகவடிவு இப்படிக் கேட்டபோது இதை எழுதுகிறவனுக்கு விடை தெரியவில்லை.

பத்திரக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் ஒருவர் இருப்பார். பெட்டியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வாசல்வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்து, சாவியை ஒளித்துவிட்டு, ஒளித்த இடத்தைச் சாயங்காலம் முழுக்கத் தேடுகிறவர் அவர். வாயைத் திறந்தால் ஒரே பேச்சுத்தான்: "பத்திரமா இருக்கு." எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்த ஆண்டியப்பன் இந்த இனத்துக்கே தலைவர். அவர் மனைவி வேலாயி கொழுந்து பறித்த காசில் மகள் சண்முகவடிவின் கல்யாணத்துக்கென்று ஒரு சோடி கல்தோடு செய்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். அம்மாவின் தோட்டோடு மணவறையில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர வடிவுக்கு வேறு ஆசை இல்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் பக்கத்துத் தோட்டத்து லயம் எரிந்ததை ஆண்டியப்பன் கண்ணால் பார்த்தவர். ஒரே இடத்தில் வைத்தால் ஒரு தீக்குச்சி போதும். பல இடத்தில் வைத்தால் பல கைகள், பல கண்கள். என்ன செய்வது? ஒரு தோட்டைத் தானே வைத்துக்கொண்டார். மற்றதை நுவரெலியாக் கடையொன்றில் வேலை செய்த கூட்டாளி இக்னேசியஸிடம் கொடுத்தார். திருகாணி இரண்டையும் பொட்டலமாகத் தைத்து, கினிகத்தேனையில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீரம்மாவிடம் சேர்த்தார். எவன் திருடினாலும் முழுத் தோடு கிடைக்காது. தங்கையே பிரித்துப் பார்த்துவிட்டால்? அதற்கும் வழி செய்தார்.

"எலிமருந்து. தொட்டுறாத" என்றார்.

வடிவு கேட்டாள்: "திருகாணி இல்லாம தோட்டை வச்சி என்னப்பா செய்றது?"

"அதையேதான் மக, திருடனும் கேப்பான்."

கல்யாணத்தன்று காலையில் இக்னேசியஸ் தோட்டோடு வந்தார். வீரம்மா வெறுங்கையோடு வந்தாள்.

"பொட்டலம் எங்க தங்கச்சி?"

"எந்தப் பொட்டலம்ணே?"

"அந்த எலிமருந்து."

"கல்யாண வீட்டுல எலிமருந்து எதுக்குண்ணே? எங்க வீடும் சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு. அன்னைக்கே ஆத்துல வீசிட்டேன்."

ஆண்டியப்பன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இக்னேசியஸ்தான் மாதா படத்துக்கு ஏற்றப் பையில் வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கிள்ளி, உருட்டி, தோட்டுக்குப் பின்னால் ஒட்டினார். "தலைய ஆட்டிராத மக. விழுந்துரும்."

வடிவு ஆட்டவில்லை. மேளம் கொட்டியபோதும் திரும்பவில்லை. கூட்டாளிப் பெண்கள் கேலி செய்தபோதும் அசையவில்லை. அம்மாவின் தோடு இரண்டும் காதிலிருந்தன. மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப் போனாள்: "இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பொண்ணா!"

மறுநாள் ஆண்டியப்பன் கையை நீட்டினார். "தோட்டைக் கழட்டிக் குடு மக. பத்திரமா வைக்கிறேன்."

"காதுலயே இருக்கட்டும்பா. திருகாணிதான் வாங்கணும்" என்றாள் வடிவு.

சிரிக்கிறீர்களா? சரி. உங்கள் பெட்டிச் சாவி இப்போது எங்கே இருக்கிறது? யோசிக்க வேண்டியிருந்தால் நீங்களும் அந்த இனம்தான். இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுக்காமல், முழுதாகவே சொல்லுங்கள்.