மாதா ஒட்டாத மாரிஸ்

லவினா டீ கொண்டுவந்தாள். அதுவும் ஷெட்டுக்கே. கூடவே ஒரு துண்டு பிளம் கேக்.

டென்சில் டீயை மோந்து பார்த்தார். கல்யாணமான நாள் முதல் இந்த ஷெட் பக்கம் எட்டிப் பார்க்காதவள். அப்பா விட்டுப்போன மாரிஸ் காரை 'துருப்புடிச்ச சனியன்' என்று மட்டுமே அழைப்பவள். இன்றைக்கு டீயில் சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

"வேலை எப்படிங்க போவுது?"

"போவுது, போவுது."

ஒப்பந்தம் இதுதான். கதவுகளுக்குக் கீழே வண்டியையே தாங்குகிற பக்கத் தகடுகள் துருவேறி அப்பளமாகியிருந்தன. ஈஸ்டருக்குள் துருவை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தால் வண்டி ஷெட்டில் இருக்கலாம். பட்டி பூசி ஏமாற்றினால் வண்டி வேப்பமரத்தடிக்கு. ஷெட் லவினாவின் கேக் வியாபாரத்துக்கு.

டென்சில் ராபர்ட்சன்பேட்டையில் தகடு வாங்கினார். தான் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் முழுக்கப் பார்க்கும்படி தலையில் சுமந்து வந்தார். ஒரு மூலையை வெட்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. தகட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பட்டியைக் குழைத்து ஓட்டைகளை அடைத்தார். தேய்த்தார். பச்சைப் பெயிண்ட் அடித்தார். வண்டியைச் செய்தவனே வந்தாலும் ஏமாந்துபோவான்.

ஆனால் இவளுடைய சிரிப்புதான் சரியில்லை. நேற்று டிங்கர் டைட்டஸ் வேறு வந்து போயிருந்தான்.

"டைட்டஸ் எதுக்கு வந்தான்?"

"கேக் சாப்பிடத்தாங்க."

"டேப்பு வெச்சு இன்னா அளந்துகினு இருந்தான்?"

"கேக்கை."

வண்டியை அவனிடம் தள்ளிவிடப் பார்க்கிறாள்! டென்சில் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் பிரிட்ஜில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதாவையும் காணோம். வீட்டில் எதுவும் சரியில்லை. இனி தாமதிக்கக் கூடாது.

மறுநாள் காலையிலேயே அழைத்தார். "வா லவினா, தட்டிப் பாரு."

தட்டினாள். கெட்டியாக இருந்தது. குனிந்து பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"நல்லா கீதுங்க. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணிடலாம்" என்று முந்தானையிலிருந்து எதையோ எடுத்தாள். பிரிட்ஜ் மாதா!

டென்சில் உருகிப்போனார். சே, இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! கை கூப்பினார்.

பானட்டில் மாதா டக்கென்று ஒட்டிக்கொண்டார். கதவிலும் ஒட்டிக்கொண்டார். கதவுக்குக் கீழே வைத்தாள். பொத்தென்று விழுந்தார்.

"புதுப் பெயிண்ட்டு. வழுக்குது."

மறுபக்கம் வைத்தாள். பொத்.

"காந்தம் பழசாயிடுச்சு போல."

"காந்தம் இரும்பைப் புடிக்கும், பட்டியைப் புடிக்காதுங்க. மாதாவே இந்த வண்டியில வர மாட்டேங்கிறாங்க. நான் எப்படி வருவேன்?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டைட்டஸ் பளபளவென்று ஒரு தகர அடுப்பை இறக்கினான். "அக்கா, ஷெட்ல எந்த மூலை?"

டென்சில் லவினா பக்கம் திரும்பினார். "இதை எப்ப செய்யச் சொன்னே?"

"நீங்க பட்டி டப்பா வாங்கின அன்னிக்கேங்க."

லவினா மாதாவை அடுப்பின் மேல் வைத்தாள். நச்சென்று ஒட்டிக்கொண்டார். வயிற்றெரிச்சலிலும் டென்சிலால் அதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

"நல்ல தகடுடா டைட்டஸ். எங்க புடிச்சே?"

"உங்க கட்டிலுக்கடியிலதாண்ணா."