இட்லி உடையாமல் ஓட்டியவர்

உலகத்திலேயே ஆக்சிலேட்டரை மரியாதையாக மிதிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கம்பெனி வேன் டிரைவர்தான். மறுப்பவர்களை ஒருநாள் கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை அவர் வேனில் ஏற்றி அனுப்பத் தயார். பாதி வழியில் தூங்கிவிடுவார்கள், அப்புறம் எங்கே வாதாடுவது?

அவரை நாங்கள் இட்லி அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வேனை எடுக்கும்போது ஆக்சிலேட்டர் பெடல் மேல் ஓர் இட்லியை வைத்து ரப்பர் பேண்டால் கட்டிவிடுவார். வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இட்லி மேல் கால் வைத்துத்தான் ஓட்டுவார். கம்பெனி வாசலில் இறங்கியதும் அதை எடுத்து எங்களுக்குக் காட்டுவார். விரிசல் இல்லையென்றால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. பிறகு இட்லி கேட் நாய்க்குப் போகும். எஸ்டேட்டிலேயே குண்டான நாய் அதுதான்.

விஷயம் வேறொன்றுமில்லை, மனிதருக்கு ரேஸ் பைத்தியம். லீவு நாளெல்லாம் பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் டிராக்குக்குப் போய், ஒரு டீமுக்குச் சம்பளமில்லாமல் டயர் மாற்றுவார். வளைவில் காலை வெடுக்கென்று எடுத்தாலும் போச்சு, பொசுக்கென்று அமுக்கினாலும் போச்சு, வண்டி வழுக்கிவிடும் என்று எங்களுக்கு வகுப்பெடுப்பார். மத்தியானம் சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் தலையில் மாட்டிக்கொண்டு கழுத்தை இழுப்பார். வளைவில் தலை சாயாமல் இருக்கவாம். சாப்பிட்டதும் வேனில் கண்ணை மூடி உட்கார்ந்து, டிராக் முழுவதையும் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், வாய் விர்ரென்று உறுமும். புதிதாக வந்த செக்யூரிட்டி, வலிப்பு என்று நினைத்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் அந்த டீம் டிரைவருக்கு மணிக்கட்டு உடைந்தது. ரேஸ் லைசென்ஸை எப்போதோ எடுத்துப் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தார் நம்மவர். டீம் முதலாளி வேறு வழியில்லாமல் இவரைக் கூப்பிட்டு, இந்த ரேஸில் ஜெயித்தால் அடுத்த சீசன் முழுக்க கார் உனக்கு, இல்லையென்றால் மறந்துவிடு என்றாராம். நாற்பதைத் தொடும் வயசில் இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள்?

வேன் மொத்தமும் டிராக்குக்குக் கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஆக்சிலேட்டரை ஏறி மிதித்துப் பம்பரமாகச் சுற்ற, இவர் மட்டும் இட்லி மேல் கால் வைத்த மாதிரி ஒவ்வொரு காராகத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டார். கடைசி ரவுண்டில் கடைசி வளைவு. வேலி ஓரம் நாங்கள் நின்றிருந்தோம். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் சரோஜா அக்கா, சந்தோஷம் தாங்காமல் தன் மஞ்சள் குடையை உயரத் தூக்கிக் காட்டினார்.

தினமும் கள்ளிக்குப்பம் ஸ்டாப்பில் வேனை நிறுத்த அவர் தூக்கிக் காட்டுவதும் அதே குடையைத்தான்.

இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. காரின் பின்பக்கம் ஆடியது, பிடித்து நேராக்கிவிட்டார். அதற்குள் பின்னால் வந்தவன் தாண்டிப் போய்விட்டான்.

ஹெல்மெட்டைக் கழற்றியவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீம் முதலாளி தன் காரில் ஏறிப் போய்விட்டார். சரோஜா அக்கா எல்லாம் என்னால்தான் என்று அழுதுகொண்டிருந்தார். இவர் நேராக அவரிடம் வந்தார்.

"நீ இன்னாக்கா பண்ணுவ? அந்தக் கொடைய பாத்தா ஆக்சிலேட்டர்லேர்ந்து எந்திரின்னு காலை நான்தான் பயக்கி வுட்டுகீறேன். சொன்ன பேச்ச கேட்டுக்கீது, அவ்ளோதான்."

திரும்பும்போது அவரேதான் வேன் ஓட்டினார். வழக்கம்போல ஒரு குலுக்கல் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

திங்கட்கிழமை பெடலில் இட்லி இல்லை. கேட் நாய் ரொம்ப நேரம் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு முன்பே, கள்ளிக்குப்பத்தில் சரோஜா அக்கா தூறலில் நனைந்தபடி, சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேன் அவர் முன்னால் வந்து நின்றது.

"கொட எங்கக்கா?"

"வேணாம்பா."

"நாளைக்கு எட்த்துகினு வா. நனஞ்சிகினு நிக்காத."

இப்போதும் குடை உயர்கிறது, வேன் நிற்கிறது, நாங்கள் ஏறித் தூங்குகிறோம். ஜெயித்திருந்தால் எங்களை விட்டுப் போயிருப்பார். போகாமல் எங்களோடு இருக்கிறாரே என்று சந்தோஷப்பட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.