முறுக்கு வாங்கப் போன ஹாரன் அண்ணன்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன். ஒன்பதரைக்கு லாரி புக்கிங் ஆபீசைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையில் ஹாரன் அண்ணன் தும்மினார். தெருவில் படுத்திருந்த இரண்டு நாய்கள் இடம் மாறின.

நாமக்கல்லில் ரகசியம் என்ற சொல்லுக்கே பொருள் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். லாரிகளுக்கு ஏர் ஹாரன் மாட்டுவது தொழில். மாட்டியதையெல்லாம் பக்கத்தில் நின்று அடித்துப் பார்த்ததில் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்தியே பேசுவார். மருந்துக்கடையில் மூலத்துக்குக் களிம்பு கேட்டால், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பரிதாபப்படுவார்கள்.

வியாழக்கிழமைதோறும் அவர் ஆட்டையாம்பட்டிக்குப் போவார். அங்கே தறி ஓட்டும் ஒரு பெண்ணோடு பல வருடப் பழக்கம். அவளுடைய கணவர் வடக்கே லோடு ஓட்டும் டிரைவர். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். அண்ணன் திரும்பும்போது கையில் ஒரு பை நிறைய அந்த ஊர்க் கைமுறுக்கு இருக்கும். அதனால் எங்கள் தெருவில் இந்த உறவுக்கே அதுதான் பெயர்.

"அண்ணன் எங்கீங்க?"

"முறுக்கு வாங்கப் போயிருக்காருங்க."

அவர் மனைவி சரசக்கா அந்த முறுக்கைத் வாயில்கூட வைக்கமாட்டார். வந்த அன்றே தெருவுக்குப் பங்கு போட்டுவிடுவார். நாங்கள் தின்போம்.

டீக்கடை மணி ஒருநாள் கேட்டேவிட்டான். "நோய்நொடி வந்துராதுங்களாண்ணா?"

"ரோட்டோரம் போறவனுக்குத்தான்டா அதெல்லாம்! இது ஊடுடா! சோறு போட்டு, சட்டை தொவச்சுக் குடுக்கற ஊடு!"

எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் ஊர்க் கணக்கும் அதுதான். ஆபத்து பைபாஸ் ஓரத்தில் நிற்கும், கதவும் நிலையும் உள்ள வீட்டுக்குள் வராது.

அந்தப் புதன்கிழமை அவருடைய செல்போன் அடித்தது. எந்த அழைப்பையும் அவர் ஸ்பீக்கரில்தான் கேட்பார்.

"ஏனுங்க, ஸ்பீக்கர நிறுத்திட்டுக் கேளுங்க."

"கேக்கலெ! சத்தமாச் சொல்லு!"

"நாளைக்கு வராதீங்க. என்ற ஊட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்குதாமுங்க. எனக்கும் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. நீங்களும் ரத்தம் குடுத்துப் பாருங்க. அக்காளையும் கூட்டிட்டுப் போங்க."

தெரு முழுக்கக் கேட்டது. முதலில் வாய் திறந்தவன் மணிதான்.

"ஐயையோ, போன வாரம் மூணு முறுக்கு தின்னனே!"

"கடையில வாங்குன முறுக்குதானடா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"ஆருக்குங்க தெரியும்? கையில சுத்தறதாச்சுங்களே!"

அவன் அழவே தொடங்கிவிட்டான். முறுக்கு தின்றவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தத் தெருவில் உண்மையில் பயப்பட வேண்டியிருந்தது, ஒரு முறுக்குகூடத் தின்னாத சரசக்காதான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சரசக்காவும் கேட்டிருந்தார். சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஷட்டர எறக்குங்க. போலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் வா தம்பி. அவங்க சொல்றது இவருக்குக் கேக்காது. என்னால எடுத்துச் சொல்ல முடியாது."

பெரியாஸ்பத்திரியில், ஆலோசனை சொல்லும் அம்மா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இங்க பேசறது வெளிய போகாதுங்க."

"என்னங்க மேடம்?"

"இங்க பேசறது வெளிய போகாதுங்க!" என்று அவர் கத்த வேண்டியதாயிற்று. வெளியே வராந்தாவில் யாரோ சிரித்தார்கள்.

"உறவு யாரோடெல்லாம்?"

"ரெண்டே ஊடுங்க மேடம்! வேற பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லீங்க!"

"அந்த வீட்டம்மாவுக்கு?"

"அவ ஊட்டுக்காரரும் நானுந்தாங்க!"

"அவங்க வீட்டுக்காரருக்கு?"

கேள்வியை நான் அவர் காதருகே திருப்பிச் சொன்னேன். அவர் சரசக்காவைப் பார்த்தார். அண்ணன் மெதுவாகப் பேசி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"நம்ம ஊட்டுக்கு நானேதான் ரோடு போட்டு உட்டனா, சரசு?"

அக்கா ரத்தம் கொடுக்க எழுந்தார்.

பரிசோதனை முடிவில் அண்ணனுக்கு இருந்தது. சரசக்காவுக்கு இல்லை, சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார்கள். தினமும் மாத்திரை போட்டால் எல்லோரையும் போல வாழலாம், ஆணுறை வேண்டும் என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். அண்ணனுக்கு எதுவும் ஏறவில்லை. "சரசுக்கு இல்லீங்களே? இல்லீங்களே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் சரசக்கா கேட்டார்: "அந்த ஆட்டையாம்பட்டிப் புள்ளைக்கு மாத்திரைக்கு ஆராச்சும் தொணை இருக்காங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கலெ" என்றார் அண்ணன். காதைச் சொன்னாரா, கேளாமல் விட்டதைச் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரசக்கா அவரை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் தடவை மாத்திரைக்கு வரிசையில் நின்றது அக்காதான்.

அடுத்த வாரம் கடை திறந்தது. அண்ணன் பேசவே இல்லை. டீக்கு விரலைக் காட்டினார். மணி வழக்கமான கிளாசை விட்டுப் பேப்பர் கப்பை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தான். ஹாரன் மாட்ட வந்த லாரி ஒன்று பஞ்சர் கடையில் ஏதோ விசாரித்துவிட்டு அப்படியே போயிற்று. "அப்பாடா, காதுக்கு நிம்மதி" என்று சிலர் சொன்னார்கள். அன்று முழுவதும் எனக்கு ஒரு பில்கூட ஒழுங்காகப் போட வரவில்லை. வாழ்நாளில் தெருவில் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை நான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, டீக்கடையில் கூட்டமாக இருந்த நேரம், நடுரோட்டில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணா! மாத்திரை போட்டாச்சுங்களா?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்க்கடையில் அண்ணன் தலை நிமிர்ந்தார்.

"போட்டாச்சு சாமி!" என்று வந்தது பதில், தெருக்கோடி வரைக்கும்.

அதற்குப் பிறகுதான் ஆபீசைத் திறந்தேன்.